இரண்டாவது பிடி

ஒசூரில் சரக்கை இறக்கிய வண்டிக்கு ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை. காலியாகவே நாமக்கல் வந்துவிடச் சொல்லிவிட்டார் உரிமையாளர். எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்க வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் பிரேக் வேலையையும் ஸ்டீரிங் வேலையையும் முடித்தாக வேண்டும். லாரிப் பட்டறைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளீனர் இல்லாத அந்த மூன்று ஆக்ஸில் டாரஸ் லாரியில் இடப்பக்க இருக்கை எனக்கு வாய்த்தது.

ஓட்டுநர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டியின் குறையைத்தான் முதலில் சொன்னார். "பிரேக்கு புடிச்சா லேசா இடப்பக்கம் இழுக்குதுங்க சார். லோடு இருந்திருந்தா இந்த வண்டிய எடுத்திருக்கவே மாட்டேன்."

1980-இல் அசோக் லேலண்ட் ஆலை வந்த பிறகு லாரிகளோடு சேர்ந்து வளர்ந்த ஊர் ஒசூர். அதன் எல்லையைத் தாண்டிச் சூளகிரி மேட்டில் ஏறும்போதே அவருடைய பழக்கம் பிடிபட்டது. முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் நடுவே ஐந்தாறு கார்கள் நுழையும் அளவுக்கு இடம் விடுகிறார். கார்களும் தவறாமல் நுழைகின்றன. அவர் அலுத்துக்கொள்ளாமல் மறுபடியும் பின்வாங்கி இடம் விடுகிறார். கிருஷ்ணகிரியில் மாந்தோப்புகள் பின்னால் போயின. தருமபுரியில் சாப்பாடு. பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் காற்றழுத்த முள்ளைப் பார்த்தார். அடுத்தது தொப்பூர் இறக்கம்.

தருமபுரிப் பக்கத்து மேட்டு நிலம் சேலத்துச் சமவெளிக்கு இறங்குகிற இடம் தொப்பூர் கணவாய். வடக்கே போகும் லாரிகளுக்கு இது ஏற்றம். டீசலைத் தின்னும், அவ்வளவுதான். தெற்கே வருபவர்களுக்குத்தான் சோதனை. 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று இங்கே வரிசையில் நின்ற வாகனங்கள் மேல் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் இதே சாலையில் நான்கு உயிர்கள் போயின. மெதுவாகப் போகச் சொல்லும் பலகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று ஓட்டுநர்கள் ஒவ்வொரு திருப்பத்தையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள்.

நம் ஓட்டுநர் இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிட்டார். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதும் எஞ்சின் கனத்த குரலில் முனகியது. கால் பிரேக்கை அவ்வப்போது ஒரு முறை அழுத்தி, வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவார். அதன் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குவது கிடையாது. "கியரு ஒரு புடி, பிரேக்கு இன்னொரு புடி. ஒண்ண மட்டும் நம்பி எறங்கப்படாதுங்க," என்றார்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2018-இல் விதிகள் மாறிய பிறகு மூன்று ஆக்ஸில் லாரியின் மொத்த எடை வரம்பு 28.5 டன். அவ்வளவு எடை 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கியரில் இறங்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் விட்டால் முழுச் சூடும் பிரேக் டிரம்களின் தலையில் விழும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருந்து அதைப் பிடிக்கும் லைனரை விட்டு விலகும். லைனரின் பிடிமானமும் குறையும். லைனரை டிரம்மின் மேல் அழுத்த, காற்றால் இயங்கும் பிரேக் சேம்பரின் தண்டு வழக்கத்தைவிட அதிக தூரம் வெளியே வர வேண்டியிருக்கும். அந்தத் தண்டு இவ்வளவுதான் வரும் என்று ஓர் எல்லை இருக்கிறது. சமதளத்தில் நன்றாகப் பிடித்த பிரேக், இறக்கத்தின் நடுவில் அந்த எல்லையை முட்டி நின்றுவிடும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுபவர்களின் நிலை இன்னும் மோசம். பிரேக்குக்குக் காற்றைத் தரும் கம்பிரஸர், ஸ்டீரிங்கை லேசாக்கும் பம்ப் இரண்டையும் ஓட்டுவது அதே எஞ்சின்தான். மிச்சமாகும் அரை லிட்டர் டீசலுக்காக இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்துவிடுகிறார்கள்.

ஓமலூர் வந்த பிறகுதான் அவர் மறுபடியும் பேசத் தொடங்கினார். சேலம் புறவழி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. சாலையோரக் கொட்டகைகளில் எலும்புக்கூடாக நிற்கும் லாரி பாடிகளும், புதுப் பெயின்ட் காயும் டேங்கர்களும் தென்படத் தொடங்கினால் நாமக்கல் நெருங்கிவிட்டது என்று பொருள். லாரியும் முட்டையும் வாழ வைக்கும் ஊர் இது. புது வண்டி எடுப்பவர்கள் 18 அடி ஆஞ்சநேயரை வணங்கிவிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் முதல் லோடுக்குக் கிளப்புவார்கள்.

நாங்கள் போன பட்டறை பரமத்தி சாலைப் பக்கம். தகரக் கூரையின் கீழே கெட்டியான சிமெண்ட் தளம். மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். வண்டி நின்றதும் கைநீட்டிச் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேலை முடிகிறவரை அந்தச் சாவி வேறு யார் கைக்கும் போகவில்லை. அடியில் ஆள் இருக்கும்போது யாரோ விவரம் தெரியாமல் வண்டியைக் கிளப்பிவிடுவது பட்டறைகளில் நடக்காத சங்கதி அல்ல.

சக்கரத்தைக் கழற்றும் முன் அவர் முன் டயரை உள்ளங்கையால் தடவினார். வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை, உள்ளிருந்து வெளியே ஒரு முறை. என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் வழவழவென்று போன கை, திரும்பி வரும்போது அரம் போல உராய்ந்தது. சக்கரங்கள் நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்திருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு ஓட்டுநரை மேலே ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சிறிதாக ஆட்டச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு முன் ஆக்ஸிலுக்கு அருகே குனிந்தார். ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு என்று ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடப்பக்க டை ராடு எண்டில் வெளிச்சம் நின்றது. ராடு அசைந்த பிறகு, ஒரு நொடி பிந்தித்தான் ஆர்ம் அசைந்தது. பந்துமூட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே மண் புகுந்திருந்தது.

ஓட்டுநருக்கு அதிர்ச்சி. "எனக்குக் கையில ஒண்ணுமே தெரியலீங்களேண்ணா!"

"பவர் ஸ்டீரிங்ல எப்படித் தெரியும்? ஆட்டத்தையெல்லாம் அது முழுங்கிப்புடும். கீழ வந்து பாத்தாத்தான் தெரியும் தம்பி."

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார்கள். ஜாக்கி முன் ஆக்ஸிலைத் தூக்கியதும் இருபுறமும் இரும்பு ஸ்டாண்டு வந்து நின்றது. ஆக்ஸில் ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்தது; ஜாக்கி வெறும் துணையாகப் பக்கத்தில் நின்றது. எண்ணெய் சீல் ஒன்று போனால் ஜாக்கி கணத்தில் இறங்கிவிடும். தூக்குவது மட்டுமே ஜாக்கியின் வேலை என்பதைப் பையன்களுக்கு இங்கே முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். சாலையோரத்தில் செங்கல்லையும் கருங்கல்லையும் அடுக்கி வண்டியை நிறுத்தி அடியில் புகுபவர்களைப் பற்றிக் கேட்டேன். மெக்கானிக் பதில் சொல்லவில்லை. ஸ்டாண்டின் கால் தளத்தில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தார்.

வலப்பக்க டிரம்மைக் கழற்றியதும், வண்டி ஏன் இழுத்தது என்பது வெளிச்சமானது. ஹப் சீல் கசிந்து லைனர் முழுக்கக் கிரீஸ். வலப்பக்கம் வழுக்க, இடப்பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது. எண்ணெய் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடியும் போடுகிற வழக்கம் வழிநெடுகிலும் இருக்கிறது. மேல்பரப்பு காய்ந்ததுபோல் தெரியும். சூடேறினால் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடியும் வெளியே வரும். எனவே லைனரை மாற்றத்தான் வேண்டும், அதுவும் ஓர் ஆக்ஸிலில் இருபுறமும் ஒரே ரகமாக. உரிமையாளர் ஃபோனில் அழைத்து, கெட்டுப்போன பக்கத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டார். "ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா மறுபடியும் இழுக்குமுங்க. அப்புறம் எதுக்குங்க இந்த வேலை?" என்று மெக்கானிக் முடித்துக்கொண்டார்.

பையன் ஒருவன் டிரம்முக்குள் படிந்திருந்த கருந்தூசியை ஏர் ஹோஸால் ஊதப் போனான். அதட்டல் விழுந்தது. லைனர் தூசியை ஊதினால் அது நுரையீரலில்தான் போய் இறங்கும். பழைய லைனர்களில் கல்நார் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுத்தார்கள். டிரம்மின் உள்விட்டத்தை அளந்து, அதன் மேல் வார்ப்பில் பொறித்திருக்கும் அதிகபட்ச அளவோடு ஒப்பிட்டார்கள். அந்த அளவைத் தாண்டித் தேய்ந்த டிரம்மைக் கடைந்து மறுபடியும் மாட்டினால் அது மெலிந்து வெடிக்கும்.

அடுத்தது டை ராடு எண்டு. கூம்பு வடிவ மூட்டு ஆர்முக்குள் இறுகிப் போயிருந்தது. காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, முழுதும் கழற்றாமல் நுனியில் விட்டுவைத்தார். ஆர்மின் ஒரு பக்கம் கனத்த சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. இரண்டாவது அடியில் மூட்டு "டக்"கென்று விட்டது. நட்டு இருந்ததால் ராடு கீழே விழவில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கினால் வேலை சுலபம்தான். ஆனால் பக்குவப்படுத்திய எஃகின் உறுதி சூட்டில் போய்விடும், அது வெளியே தெரியவும் தெரியாது. வளைந்த ராடை நிமிர்த்துவதும், விரிசலில் வெல்டிங் வைப்பதும் இந்தப் பட்டறையில் கிடையாது.

பழைய எண்டைக் கழற்றும் முன் ராடின் மொத்த நீளத்தை அளந்து சாக்பீஸால் தளத்தில் குறித்துக்கொண்டார்கள். ஒரு முனையில் வலமரை, மறு முனையில் இடமரை. குழாயைத் திருப்பினாலே நீளம் கூடவோ குறையவோ செய்யும். சக்கரங்களின் கோணம் அதைப் பொறுத்தது. புது எண்டின் மரை குழாயின் வெட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தால்தான் கிளாம்ப் அதை இறுகப் பற்றும். கூம்பையும் அது உட்காரும் துளையையும் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் பொருத்தினார்கள். வலப்பக்கம் ஆட்டம் இல்லாவிட்டாலும் அதையும் மாற்றிவிட்டார்கள்.

நட்டை டார்க் ஸ்பேனரால் இறுக்கிய பிறகு, அதன் வெட்டு காட்டர் பின் துளைக்கு நேராக வரவில்லை. கொஞ்சம் தளர்த்தினால் பின் சுலபமாக நுழைந்துவிடும். மெக்கானிக் தளர்த்தவில்லை, அடுத்த வெட்டு வரும்வரை மேலும் இறுக்கினார். பிறகு புதுக் காட்டர் பின்னை நுழைத்து, கால்களை நட்டின் மேல் மடக்கினார். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடியும் போடப் பார்த்த பையனின் கையிலிருந்து அதைப் பிடுங்கி வீசினார். ஒரு முறை வளைந்த கம்பி மறுமுறை வளைந்தால் ஒடியும். விலை சில ரூபாய்தான். நட்டுக்கு இரண்டாவது பிடி இதுதான்.

பின் ஆக்ஸில் வேலை மாலையில். அங்கே ஒரு ஸ்பிரிங் பிரேக் சேம்பரில் காற்று கசிந்தது. 30 சதுர அங்குலப் பரப்புள்ள டயாஃப்ரத்தின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் காற்று மோதினால் தண்டு ஏறக்குறைய 1,350 கிலோ விசையோடு வெளியே வரும். ஓடும்போது பிரேக் பிடிப்பது இப்படித்தான். அதற்குப் பின்னாலிருக்கும் இரண்டாவது அறையில் அழுத்திச் சுருட்டிய பெரிய ஸ்பிரிங் ஒன்று காத்திருக்கிறது. காற்று இருக்கிறவரை அது அடங்கி நிற்கும். காற்று முழுதும் போய்விட்டால் பாய்ந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஓடும் லாரியைக் காக்கும் இந்த ஏற்பாடு பட்டறையில் ஆளைக் கொல்லக்கூடியது. சேம்பரின் கிளாம்பை விவரம் தெரியாமல் கழற்றினால் மூடியும் ஸ்பிரிங்கும் குண்டு போலப் பறக்கும்.

"ஏனுங்க சார், நேரா பின்னால நிக்காதீங்க. இந்தப் பக்கமா வாங்க," என்று என்னை நகர்த்திவிட்டுத்தான் தொடங்கினார். கட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று மறுபடியும் பார்த்தார். ஸ்பிரிங்கை அடக்கிவிட்டால் அந்தச் சக்கரங்களில் பார்க்கிங் பிரேக் இருக்காது. சேம்பரின் முதுகிலுள்ள துளையில் நீண்ட போல்ட்டை நுழைத்து, கால் சுற்றுத் திருப்பிக் கொக்கி மாட்டி, கைஸ்பேனரால் நட்டை மெல்ல மெல்ல இறுக்கினார். ஸ்பிரிங் உள்ளுக்குள் சுருங்கிப் பூட்டிக்கொண்டது. அதன் பிறகே காற்றை வடித்து ஹோஸைக் கழற்றினார். கழற்றிய சேம்பரைத் திறக்காமல் முழுதாக மாற்றினார். பழையது காயலான் கடைக்குப் போனால் அங்கே யாராவது கேஸ் கட்டர் வைத்துவிடுவார்கள் என்று, ஸ்பிரிங்கைச் செயலிழக்கச் செய்யத் தனியாக எடுத்து வைத்தார். தன் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொழிலாளியின் உயிருக்கும் சேர்த்துச் செய்த வேலை அது.

இரவு டீ குடிக்கும்போது அன்று பார்த்ததையெல்லாம் மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஜாக்கிக்கு ஸ்டாண்டு துணை. நட்டுக்குக் காட்டர் பின் துணை. கால் பிரேக்குக்குக் கியர் துணை. பிரேக்கிலும் முன்னுக்கு ஒரு காற்றுத் தொட்டி, பின்னுக்கு ஒன்று, எல்லாம் போனால் ஸ்பிரிங். புது வண்டிகளில் 2015-க்குப் பிறகு ஏ.பி.எஸ். வேறு. ஆனால் ஸ்டீரிங் மூட்டுகளுக்குச் சாலையில் எந்தத் துணையும் கிடையாது. டிராக் லிங்க் கழன்றால், ஓட்டுநர் கையில் இருப்பது எதனோடும் தொடர்பில்லாத ஒரு வளையம். அதைக் காப்பாற்ற வேறு சாதனம் எதையும் யாரும் வைக்கவில்லை. அந்த மூட்டுகளின் இரண்டாவது பிடி, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுக்கும் மனிதர்தான். அவருக்கு நல்ல தளம், நல்ல ஸ்டாண்டு, வெளிச்சம், அவசரப்படுத்தாத நேரம் இவற்றைக் கொடுப்பதும் சாலைப் பாதுகாப்பில் சேர்ந்ததே. எந்தச் சாலைப் பாதுகாப்பு வாரப் பேனரிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் வீல் அலைன்மென்ட். ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி, ராடோ ஹோஸோ எங்கும் உரசவில்லை என்று பார்த்தார்கள். காற்றை நிரப்பி எஞ்சினை அணைத்து, பெடலை மிதித்துப் பிடித்தபடி அழுத்த முள் இறங்குகிறதா என்று கவனித்தார்கள். ஸ்பிரிங் சேம்பரின் போல்ட்டைத் தளர்த்தி எடுத்த பிறகு, காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் பிரேக் சோதனை. வண்டி நேர்க்கோட்டில் நின்றது. எஃப்.சி.க்குப் போன இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரும் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புது வண்டிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, எட்டு ஆண்டு தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சான்று வாங்க வேண்டும். நடுவில் ஓடும் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சான்று கொடுப்பது பட்டறைதான்.

ராசிபுரம் பக்கத்தில் ஸ்டார்ச் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டி மதுரைக்குக் கிளம்பியது. நானும் கூடவே போனேன். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால்கள், காவிரிப் பாலம், புகளூர், கரூர். அரவக்குறிச்சியின் வறண்ட வெளியைத் தாண்டி வேடசந்தூருக்கு அருகே வண்டியை ஓரங்கட்டினார். கழற்றிப் பூட்டிய சக்கரங்களின் நட்டுகளை முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் முறுக்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் உத்தரவு. ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே புறங்கையைத் தொடாமல் காட்டி, சூடு ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்று மட்டும் கொதித்தால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து, இரண்டு பக்கக் காட்டர் பின்களையும் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குள் உரிமையாளர் ஃபோனில் வந்துவிட்டார். வண்டி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேள்வி. "வீல் நட்டு முறுக்கிட்டு இருக்கேனுங்க. இன்னும் நாலு பாக்கி," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்பேனரைத் தூக்கினார்.